சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்

வேத பாடம்: ஆதி. 31:17-28, 1 இராஜா. 19:19-21, ரூத் 1:6-14



நம்முடைய சபைகளில் வாரந்தோறும் வருகிற ஜெப விண்ணப்பங்களில் வெளிநாட்டுக் காரியம் ஒன்றாவது கட்டாயம் இருக்கும். "பாஸ்டர், விசாவுக்காக ஜெபிங்க." "இங்கிலீஷ் பரீட்சைக்கு ஜெபிங்க." "ஏஜெண்டு ஏமாத்திடக் கூடாதுன்னு ஜெபிங்க." விசா வந்தவுடன் சாட்சி சொல்லுகிறோம். புறப்படுகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை முன்னால் அழைத்து, தலைமேல் கை வைத்து ஜெபித்து அனுப்புகிறோம். இவையெல்லாம் நல்லவைகளே. ஆனால் போகிற பிள்ளை எதை விட்டுப் போகிறது, அதை எப்படி விட்டுப் போகிறது என்று நாம் கேட்பது குறைவு. போய்ச் சேருவதற்காக ஜெபிக்கிற அளவுக்கு, விட்டுப் புறப்படுவதற்காக ஜெபிக்கிறோமா?

நான் ஒரு நர்ஸ். 2022 ஜனவரியில் மதுரையிலிருந்து இங்கிலாந்துக்கு வேலைக்குப் போனேன். போகும்போது எனக்கு அருமையான இரண்டு காரியங்களை விட்டுப் போனேன். ஒன்று, பதினோரு வருஷம் பழகிய ஜூடோ போட்டி. மற்றொன்று, திருமணத்திற்காக நானும் ஜெபித்து, அவரும் ஜெபித்துக் கொண்டிருந்த ஒரு சகோதரனுடைய உறவு. "வாலிப பிள்ளைகளுக்குப் பிரயோஜனமா இருக்கும்மா, ஒரு பாடமா எழுதிக் கொடு" என்று ஐயா கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். என் கதை சிறியது. வேதத்தில் இதைப் பற்றி இருக்கிற பாடம் பெரியது.

1. விட்டு வருவதெல்லாம் பாவமல்ல

சாட்சி சொல்லும்போது நம்மிடத்தில் ஒரு பழக்கம் உண்டு. விட்டு வந்ததைக் கருப்பாகக் காட்டினால்தான் சாட்சி பிரகாசிக்கும் என்று நினைக்கிறோம். நான் புறப்படுவதற்கு முன் ஒரு தாயார் என்னிடம், "அந்தச் சண்டை விளையாட்டு உலகம்னு உணர்ந்து விட்டுட்டேன்னு சொல்லும்மா, வாலிபருக்கு எச்சரிப்பா இருக்கும்" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனாலும் நான் அப்படிச் சொல்லவில்லை. அது உண்மையாய் இராது.

ஆபிரகாமைப் பாருங்கள். தேவன் அவரை அழைத்தபோது விடச் சொன்னவை மூன்று: தேசம், இனம், தகப்பன் வீடு (ஆதி. 12:1). தகப்பன் வீடு பாவமா? இனத்தார்மேல் வைக்கிற பாசம் பாவமா? இல்லையே. நல்லவைகளைத்தான் விடச் சொன்னார். பாவத்தை விடுவதற்கு மனந்திரும்புதல் வேண்டும். நல்லதை விடுவதற்கு வேறொன்று வேண்டும்: நன்றியோடும் நேர்மையோடும் விடுகிற இருதயம். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டால், நல்ல நண்பரை எதிரியாக்கி, நல்ல ஆசிரியரை அவமதித்து, நம்மை நேசித்தவர்களைக் குற்றவாளிகளாக்கிவிட்டுப் போவோம்.

ஜூடோ என்பது என்ன? ஜப்பானில் கானோ ஜிகோரோ என்ற ஆசிரியர் 1882-ல் தொடங்கிய மல்யுத்த முறை. குத்துவதும் உதைப்பதும் போட்டியில் கிடையாது. எதிராளியின் உடையைப் பிடித்து, அவருடைய பலத்தையே பயன்படுத்திச் சாய்க்க வேண்டும். வேகத்தோடும் பலத்தோடும் முதுகு தரையில் படும்படி எறிந்தால் ஆட்டம் அங்கேயே முடியும். இருபது விநாடி அசையாமல் அமுக்கிப் பிடித்தாலும் முடியும். பூட்டில் மாட்டிக்கொண்டவர் கையால் இரண்டு தட்டுத் தட்டினால், எதிராளி அந்தக் கணமே பிடியை விட வேண்டும்.

நம் விசுவாசிகள் சிலருக்கு வருகிற கேள்வி, "அங்கே குனிஞ்சு வணங்குறாங்களே, அது சரியா?" என்பதுதான். நியாயமான கேள்வி. எங்கள் மாஸ்டர் முதல் நாளிலேயே சொன்னார்: "உன்னோட விளையாடப் போறவங்களுக்கு மரியாதை கொடுக்கிறே, அவ்வளவுதான்." ஆபிரகாமும் ஏத்தின் புத்திரருக்கு முன்பாகக் குனிந்து மரியாதை செலுத்தினார் (ஆதி. 23:7). அது அந்த ஊர் நாகரிகம். அவருடைய ஆராதனையோ கர்த்தருக்கு மட்டுமே இருந்தது. எந்தப் படத்துக்கு முன்பாகவும் குனியும்படி எங்களை யாரும் வற்புறுத்தினதில்லை. வற்புறுத்தினால் விலகிக்கொள்வேன் என்று என் தகப்பனாரிடம் சொல்லியே சேர்ந்தேன்.

ஆகவே, நான் விட்டது ஒரு நல்ல காரியம். அதனால்தான் விடுவது கடினமாயிருந்தது.

2. இலைக் கிரீடம்

அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது ஓட்டப் பந்தயத்தையும் சண்டைப் பயிற்சியையும் உதாரணமாக எடுக்கிறார் (1 கொரி. 9:24-27). அந்தச் சபையாருக்கு இது தெரிந்த விஷயம். கொரிந்து பட்டணத்துக்குப் பக்கத்திலிருந்த இஸ்துமியாவில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் பெரிய விளையாட்டு விழா நடக்கும். ஓட்டம், மல்யுத்தம், குத்துச்சண்டை எல்லாம் உண்டு. ஜெயித்தவனுக்குக் கொடுத்த கிரீடம் பொன்னல்ல. ஒரு காலத்தில் பைன் மரத்து இலை, வேறொரு காலத்தில் செலரிக் கீரையின் காய்ந்த இலை. அதனால்தான் பவுல் அதை அழிவுள்ள கிரீடம் என்கிறார்.

இதில் தமிழ் வாசகருக்கு ஒரு விசேஷம் உண்டு. இருபத்தாறாம் வசனத்தில் மூலபாஷையில் இருப்பது குத்துச்சண்டையைக் குறிக்கிற சொல். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் சிலம்பம் என்ற வார்த்தையைப் போட்டிருக்கிறார்கள். நம் ஊர் ஜனங்களுக்குக் கண்ணில் தெரிகிற சண்டைப் பயிற்சி அதுதான் என்று மொழிபெயர்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எபேசியர் ஆறாம் அதிகாரத்தில் போராட்டம் என்று நாம் வாசிப்பதும் மூலபாஷையில் மல்யுத்தத்துக்கு வழங்குகிற சொல்தான். பவுல் அந்தப் பயிற்சியைப் பழிக்கவில்லை. சரீரப் பயிற்சிக்குக் கொஞ்சம் பிரயோஜனம் உண்டு என்று தீமோத்தேயுவுக்கும் எழுதுகிறார் (1 தீமோ. 4:8). கொஞ்சம் என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தமல்ல. ஆனால் அந்தக் கிரீடம் காயும் என்பதை அவர் மறைக்கவும் இல்லை.

போட்டியில் இருக்கிறவர்களுக்கு இது எளிதில் புரியாது. நான் 57 கிலோ பிரிவில் விளையாடினேன். மாநில அளவில் இரண்டு தடவை வெண்கலம் கிடைத்தது. பெரிய சாதனை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 57 என்கிற எண்ணே என் பெயர் போல ஆகிவிட்டது. எடை பார்க்கிற நாளுக்கு முன் தண்ணீரை அளந்து குடிப்பேன். கல்யாண வீட்டில் பிரியாணியைப் பார்த்தால் தராசு ஞாபகம் வரும். என்னைப் பார்க்கிறவர்களும் "என்னம்மா, அடுத்த மேட்ச் எப்போ?" என்றுதான் விசாரிப்பார்கள். போட்டியை விடும்போது ஒரு விளையாட்டை மட்டும் விடுவதில்லை. "நீ யார்?" என்று கேட்டால் சொல்லுவதற்கு வைத்திருந்த பதிலையும் விடுகிறோம்.

"இங்கிலாந்துல ஜூடோ இல்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு, நிறைய உண்டு. உடற்பயிற்சிக்காக வாரம் ஒரு நாள் போகலாம். ஆனால் போட்டிக்கு வாரத்தில் ஐந்தாறு நாள் பயிற்சி வேண்டும். எனக்கோ முதலில் நர்ஸிங் பதிவுக்கான செய்முறைப் பரீட்சை. பத்து நிலையங்கள், ஒவ்வொன்றிலும் ஒருவர் கூர்ந்து பார்த்து மதிப்பெண் போடுவார். அது முடிந்ததும் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு, பகலும் இரவும் மாறி மாறி வரும். என் விசாவோ அந்த வேலையோடு கட்டப்பட்டது. தோள் இறங்கி ஆறு மாதம் படுத்தால் என்னை நம்பியிருக்கிற வீடு என்ன ஆகும்? உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது பதில் தெளிவாயிருந்தது.

தெளிவாயிருந்தாலும் வலித்தது. 2022 ஆகஸ்டில் பர்மிங்ஹாமில் காமன்வெல்த் விளையாட்டு நடந்தது. ஜூடோ போட்டிகளை கோவென்ட்ரியில் வைத்தார்கள். நான் இருந்த ஊரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. மணிப்பூரின் சுசீலா தேவி 48 கிலோ பிரிவிலும், டெல்லியின் துலிகா மான் 78 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவிலும் வெள்ளி வாங்கினார்கள். துலிகா இறுதி ஆட்டம் ஆடின அன்று நான் வார்டில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். இரவு அறைக்கு வந்து போனில் பார்த்தேன். கண்ணீர் வந்தது. அது பொறாமைக் கண்ணீர் அல்ல. ஒரு வீட்டைக் காலி செய்துவிட்டு, பிறகொரு நாள் அந்த வீதி வழியே போகிறவனுக்கு வருகிற கண்ணீர்.

ஆனால் போட்டி போனாலும், கற்றது போகவில்லை. ஜூடோவில் எறிவதற்கு முன் விழுவதற்குத்தான் கற்றுக்கொடுப்பார்கள். தாடையை நெஞ்சோடு சேர்க்க வேண்டும், தலை தரையில் படக்கூடாது, கை தரையை அடிக்க வேண்டும். என் முதல் மாதம் முழுவதும் விழுந்து விழுந்து எழுந்ததுதான். இன்று என் வார்டில் இருப்பவர்களில் பலர் எண்பது வயது கடந்தவர்கள். ஒரு தரம் விழுந்தவர்கள் மறுபடியும் நடக்கப் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் எனக்குத் தெரியும். அதனால் அவசரப்படுத்தாமல் பக்கத்தில் நிற்க எனக்கு முடிகிறது.

எரிக் லிடலைப் பற்றி நம் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் தங்கம் வாங்கி, மறுவருஷமே சீன தேசத்துக்கு ஊழியத்துக்குப் போனவர். "எல்லாத்தையும் தூக்கி எறிஞ்சிட்டார்" என்று சொல்லுவோம். தூக்கி எறியவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சீனாவிலும் அவர் ஓடியிருக்கிறார். யுத்த காலத்தில் வெய்சியென் முகாமில் அடைக்கப்பட்டபோது, அங்கிருந்த பிள்ளைகளுக்கு விளையாட்டு நடத்தினார். அந்த முகாமிலேயே 1945-ல் மரித்தார். மேடையை விட்டார். கற்றதை மற்றவர்களுக்குக் கொடுத்தார்.

3. சொல்லாமல் போன யாக்கோபு, விருந்து வைத்துப் போன எலிசா

இப்பொழுது பாடத்தின் மையத்துக்கு வருகிறோம். விட வேண்டியது தேவ சித்தமாகவே இருக்கட்டும். எப்படி விடுவது?

யாக்கோபு லாபானை விட்டுப் புறப்பட்டது தேவன் சொன்னபடிதான் (ஆதி. 31:3). ஆனால் புறப்பட்ட விதத்தைப் பாருங்கள். லாபான் ஆட்டுமயிர் கத்தரிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, சொல்லாமல் கிளம்பிவிட்டார். பயம் காரணம் என்று பின்பு அவரே சொல்லுகிறார் (31:31). மூன்றாம் நாளில் லாபானுக்குத் தெரிகிறது. ஏழு நாள் துரத்திக்கொண்டு வருகிறான். லாபான் நல்லவன் என்று நான் சொல்லவில்லை. இருபது வருஷம் மருமகனை ஏய்த்தவன். ஆனாலும் அவன் சொன்ன ஒரு வார்த்தை என்னைத் தொடுகிறது: என் பேரப்பிள்ளைகளுக்கும் என் மகள்களுக்கும் முத்தம் கொடுக்க எனக்கு இடம் கொடுக்காமல் போனாயே என்கிறான் (31:28). போனது சரி. சொல்லாமல் போனதால் சரியான பயணமும் திருட்டுப் பயணம் போல ஆகிவிட்டது.

எலிசாவைப் பாருங்கள். பன்னிரண்டு ஏர் உழுதுகொண்டிருந்த வயலில், பன்னிரண்டாம் ஏரை ஓட்டிக்கொண்டிருந்தார். அழைப்பு வந்தது. தாய் தகப்பனை முத்தமிட்டு வர அனுமதி கேட்டார். பின்பு தன் ஏர்மாடுகளை அடித்து, ஏரின் மரச்சாமான்களையே விறகாக்கிச் சமைத்து, ஜனங்களுக்கு விருந்து கொடுத்துவிட்டுப் புறப்பட்டார் (1 இராஜா. 19:21). ஊருக்கே தெரிந்தது. திரும்பி வந்து உழுவதற்கு ஏரும் இல்லை.

இங்கே வேதம் படிக்கிற ஒருவர் கேட்கலாம்: "லூக்கா ஒன்பதாம் அதிகாரத்தில் வீட்டாரிடம் விடைபெற்று வருகிறேன் என்றவனை ஆண்டவர் கடிந்துகொண்டாரே?" நல்ல கேள்வி. அங்கேயும் கலப்பை வருகிறது, இங்கேயும் கலப்பை வருகிறது. அந்த மனுஷன் கலப்பையில் கை வைத்துக்கொண்டே பின்னால் பார்த்தான். எலிசா கலப்பையையே எரித்துவிட்டார். ஒருவனுக்கு விடைபெறுதல் தாமதிக்கிறதற்குச் சாக்கு. மற்றவருக்கு விடைபெறுதல் காரியத்தை முடித்து வைக்கிற செயல். நாம் சொல்லுகிற "போகிறேன்" இந்த இரண்டில் எது என்று நம் இருதயத்துக்குத் தெரியும்.

ஜூடோவில் பயிற்சி முடிந்து மேட்டை விட்டு இறங்கும்போது, மேட்டைப் பார்த்து நின்று, தலை குனிந்துவிட்டுத்தான் இறங்குவோம். முதுகைக் காட்டி ஓட மாட்டோம். நான் விடைபெற்ற நாளிலும் அப்படியே செய்தேன். மாஸ்டர் வீட்டுக்குப் பெற்றோரோடு போய், "இனி போட்டிக்கு வர மாட்டேன் சார், டீம்ல என் இடத்துக்கு வேற பிள்ளையைத் தயார் பண்ணுங்க" என்று நேரில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சொல்லிட்டுப் போறியே, அது போதும். நிறைய பேர் வராமலே நின்னுடுவாங்க" என்றார். என் உடையை ஏழை வீட்டுப் பிள்ளை ஒருத்திக்குக் கொடுத்தேன். கடன் வாங்கியிருந்த முட்டுப்பட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். கடைசி வகுப்பில் எல்லாருக்கும் சுண்டலும் டீயும் வாங்கினேன். எலிசாவின் விருந்துக்கு என்னால் முடிந்த அளவு அதுதான்.

4. காத்திருக்கச் சொல்லாத நகோமி

விளையாட்டை விடுவது ஒரு வகை. மனுஷரை விடுவது வேறு வகை. மேட்டுக்கு மனம் இல்லை. மனுஷனுக்கு உண்டு.

அந்தச் சகோதரன் தன் தாய்க்கு ஒரே பிள்ளை. தாயாருக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். என்னோடு துணையாக இங்கிலாந்துக்கு வர சட்டத்தில் வழி இருந்தது. தாயை விட்டுவிட்டு வர அவர் மனசாட்சியில் வழி இல்லை. அதற்காகவே அவரை நான் மதித்தேன். என் பக்கத்தில் அப்பாவின் கடன், தங்கையின் படிப்பு. என் வேலையை ஒரு அழைப்பாகவும் எண்ணினேன். இரண்டு பேரும் பாஸ்டர் ஐயாவுக்கும் அம்மாவுக்கும் தெரியப்படுத்தி, மூன்று மாதம் ஜெபித்தோம். யாரும் தப்பு செய்யவில்லை. ஆனாலும் இரண்டு பாதைகள் சேரவில்லை.

அப்பொழுது பலர் எனக்குச் சொன்ன ஆலோசனை: "முடிவா ஒண்ணும் சொல்லாதே. போயிட்டுப் பாத்துக்கலாம். கர்த்தர் வழி திறப்பார்." கேட்க விசுவாச வார்த்தை போலத்தான் இருந்தது. ஆனால் ரூத்தின் முதலாம் அதிகாரத்தை வாசித்தபோது வேறொன்று கண்டேன்.

இந்த அதிகாரத்தில் நாம் ரூத்தைப் புகழுகிறோம், ஒர்பாளைக் குறை சொல்லுகிறோம். நகோமி என்ன செய்தாள் என்பதைத் தாண்டிப் போய்விடுகிறோம். கணவனையும் இரண்டு குமாரரையும் இழந்த விதவை அவள். துணைக்கு ஆள் வேண்டிய வயது. மருமக்கள் இருவரும் கூட வருகிறோம் என்கிறார்கள். அவளோ, இனி எனக்குக் குமாரர் பிறந்தாலும் அவர்கள் பெரியவர்களாகும் மட்டும் நீங்கள் காத்திருப்பீர்களோ என்று கேட்கிறாள் (ரூத் 1:12,13). நடக்காத ஒன்றைக் காட்டி அந்த வாலிபப் பெண்களைக் கட்டி வைக்க அவளுக்கு மனதில்லை. அவர்களுக்கு வேறு வீடும் சமாதானமும் கிடைக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டு, முத்தமிட்டு விடுவிக்கிறாள் (1:8,9). தனக்கு நஷ்டம் வந்தாலும் உண்மையைச் சொன்னாள். ஒர்பாள் திரும்பிப் போனதும் அழுதுகொண்டுதான், ஆசீர்வாதம் பெற்றுத்தான்.

பிரியமானவர்களே, கர்த்தர் வழி திறப்பார் என்று நான் காத்திருந்தால் அது விசுவாசம். அதே வார்த்தையைச் சொல்லி இன்னொருவரைக் காத்திருக்க வைத்தால், என்னால் கொடுக்க முடியாத வாக்குக்குக் கர்த்தருடைய நாமத்தை ஜாமீன் வைக்கிறேன். உள்ளதை உள்ளதென்றும் இல்லாததை இல்லையென்றும் பேச வேண்டுமென்பதே ஆண்டவர் போதனை (மத். 5:37). இரண்டுக்கும் நடுவே ஒரு "பார்க்கலாம்" இருக்கிறதே, அதில் எத்தனை பேருடைய வாலிப வருஷங்கள் போயிருக்கின்றன! போனவருக்குப் புது ஊர், புது வேலை, புது முகங்கள். இருக்கிறவருக்கு அதே பஸ் ஸ்டாப், அதே சபை வாசல், கையில் ஒரு போன். காத்திருப்பின் பாரம் முழுவதும் இருக்கிறவர்மேல்தான் விழும்.

நம் தமிழில் ஒரு அழகான பழக்கம் உண்டு. வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போறேன்" என்று சொன்னால் அம்மா விட மாட்டார்கள். "போறேன்னு சொல்லாதே, போயிட்டு வர்றேன்னு சொல்லு" என்று திருத்துவார்கள். அது ஒரு வாக்கு. திரும்பி வருவேன் என்கிற வாக்கு. திரும்பி வருகிறவர்களிடத்தில் மட்டும் அதைச் சொல்ல வேண்டும். திரும்ப வரப் போவதில்லை என்று தெரிந்த இடத்தில் "போயிட்டு வர்றேன்" என்பது இனிமையான பொய்.

அதனால், டிக்கெட் போடுவதற்கு முன்பே, பாஸ்டர் வீட்டு முன்னறையில், ஐயாவும் அம்மாவும் இருக்கும்போது அவரிடம் சொன்னேன்: "நான் போறேன். எனக்காகக் காத்திருக்க வேண்டாம். உங்க அம்மாவைப் பார்த்துக்கிற ஒரு நல்ல துணையைக் கர்த்தர் உங்களுக்குக் கொடுக்கணும்னு ஜெபிக்கிறேன்." அவர் தலை குனிந்து கேட்டார். பிறகு, "கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா தெளிவா சொல்லிட்டீங்க. நன்றி" என்றார். பாஸ்டர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஐயா ஜெபித்தார். அரை மணி நேரம்தான். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான அரை மணி நேரம் வேறில்லை.

2024-ல் அவருக்குத் திருமணம் நடந்தது. சபை வாட்ஸ்அப் குழுவில் அழைப்பிதழ் வந்தபோது எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் அது சாட்சி ஆகாது. வலித்தது. அன்று இரவு டூட்டி. வேலையைச் செய்தேன். ஆனால் அந்த வலியில் கசப்பு இல்லை. அவர் எனக்காகக் காத்திருந்து வருஷங்களை இழக்கவில்லை என்கிற சமாதானம் இருந்தது.

5. கடலுக்கு அப்பால் போன பிறகு

அழலாமா? அழலாம். பவுல் மிலேத்துவில் எபேசு சபையின் மூப்பரிடம், இனி என் முகத்தைப் பார்க்க மாட்டீர்கள் என்று மறைக்காமல் சொன்னார் (அப். 20:25). அவர்கள் அவருடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு மிகவும் அழுதார்கள் (20:37). யாரும் அவர்களை அவிசுவாசிகள் என்று கடிந்துகொள்ளவில்லை. அழுதபின் கப்பல் வரைக்கும் கூடப் போய் வழியனுப்பினார்கள்.

இங்கிலாந்தில் டிசம்பர் மாதம் மாலை நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஷிப்டு முடிந்து வந்தால் அறையில் ஹீட்டர் சத்தம் மட்டும் கேட்கும். அந்த நேரத்தில் பழைய எண்ணைத் தேடிக் கை போகும். முன்காலத்தில் கடல் கடந்தவர்களுக்குக் கடிதம் போய்ச் சேர வாரக்கணக்காகும். அந்தத் தூரமே ஒரு வேலி. இன்று விரல் நுனியில் முகம் வருகிறது. ஆகையால் வேலியை நாமே போட வேண்டும். நான் கைக்கொண்ட சில காரியங்களைச் சொல்லுகிறேன்:

(அ) விடுவித்தவரைத் தனிமையின் நேரத்தில் கூப்பிட வேண்டாம். அங்கே இரவு பத்து மணி என்றால் மதுரையில் அதிகாலை மூன்றரை. நம் தனிமையைத் தீர்க்க இன்னொருவருடைய காயத்தைத் திறக்கக் கூடாது.

(ஆ) கொடுக்க வேண்டியதைப் புறப்படுமுன் கொடுத்துத் தீருங்கள். பணமோ பொருளோ மன்னிப்போ, ஏர்போர்ட்டுக்குக் கொண்டு போகாதீர்கள்.

(இ) விட்டதைப் பழிக்காதீர்கள். "நல்லவேளை தப்பிச்சேன்" என்று பேசினால் வலி குறைந்தது போலத் தோன்றும். ஆனால் நாம் நேசித்ததைப் பற்றி நாமே பொய் சாட்சி சொல்லுகிறோம்.

(ஈ) "போயிட்டு வர்றேன்" என்று சொன்னவர்களுக்கு அதை நிறைவேற்றுங்கள். பெற்றோரிடம் அப்படிச் சொல்லித்தான் புறப்பட்டோம். நம் ஆண்டவர் சிலுவையில் தொங்கும்போதும் தம் தாயைச் சீஷனுடைய பொறுப்பில் விட்டார் (யோவா. 19:26,27). பணம் அனுப்புவது மட்டும் போதாது. வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் குறித்து வைத்துப் பேசுங்கள். லீவு கிடைக்கிறபோது முதல் டிக்கெட் வீட்டுக்கு இருக்கட்டும்.

பெற்றோருக்கும் சபைப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை புறப்படும்போது பெட்டியின் எடையைப் பார்க்கிறோம், பாஸ்போர்ட்டைப் பார்க்கிறோம். அதோடு, "யார்கிட்டயாவது சொல்ல வேண்டியது பாக்கி இருக்காம்மா?" என்றும் கேளுங்கள். உறவு ஒன்று இருந்தால் அதட்டி மறைக்கப் பண்ணாமல், நேர்மையாய்ப் பேசி முடிக்கவோ, நேர்மையாய்ப் பேசி உறுதிப்படுத்தவோ ஒரு முன்னறையைத் திறந்து கொடுங்கள். எங்கள் பாஸ்டர் வீட்டில் எனக்கு அது கிடைத்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படிக் கிடைப்பதில்லை.

குடும்ப ஜெபத்தில் தியானிக்க:

1. யாக்கோபு, எலிசா, நகோமி - நான் ஒருவரை அல்லது ஒரு இடத்தை விட்டு வந்த விதம் இவர்களில் யாருடையதைப் போல் இருந்தது?

2. என் "பார்க்கலாம்" என்கிற வார்த்தையை நம்பி யாராவது காத்திருக்கிறார்களா? அவர்களுக்கு நான் சொல்ல வேண்டிய தெளிவான பதில் என்ன?

3. நான் விட்டுவிட்ட ஒரு நல்ல காரியத்திலிருந்து கற்றதை இன்று யாருக்குப் பிரயோஜனமாக்கலாம்?

இந்த மாதம் நம் சபைகளிலிருந்து புறப்படுகிற ஒவ்வொரு பிள்ளைக்காகவும் ஜெபிப்போம். நல்லவிதமாய்ப் போய்ச் சேரும்படி மட்டுமல்ல, நல்லவிதமாய் விட்டுப் புறப்படும்படியும் ஜெபிப்போம். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்துக்கொள்வாராக. ஆமென்.

- கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி